வடிவும் வாசிப்பும்: ஓர் இசைத்தட்டுறையின் எழுத்துக்கள்

1988ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பக்ரறி றெக்கோட்ஸ் நிறுவனம் ஜோய் டிவிஷன் இசைக்குழுவின் பாடல்களைத் தொகுத்து ‘சப்ஸ்ரன்ஸ்’ என்னும் பெயரிலே வெளியிட்டது. குழுவின் பாடகர் இயன் கேர்ட்டிஸ் 1980 மே மாதத்தில் மறைந்து எட்டாண்டுகள் கழிந்தபின் வந்த தொகுப்பு அது. அதன் உறையிலே தலைப்பினைத் தாங்கி நிற்கும் எழுத்துக்கள் முதற் பார்வைக்கு எந்த மொழியினவென்றே தெளிவாவதில்லை. வளைவுகள் இல்லை, நெடுக்குக்கோடும் கிடைக்கோடுமே உண்டு, மூலைகள் மட்டும் சிறிது வெட்டப்பட்டுள்ளன. இவை எவ்வகை அச்செழுத்து என வினவுவோர்க்கு வரைகலை பயின்றோரிடம் விடை ஆயத்தமாகவே இருக்கின்றது: ஒல்லாந்த வரைகலைஞர் விம் குரௌவெல் 1967இல் வெளியிட்ட ‘புதிய அரிச்சுவடி’. இவ்விடை பிழையன்று. ஆயினும், அத்துடன் அமைந்துவிடுவோர் உறையின் பெயரை அறிவாரேயன்றி உறையை வாசித்தோர் ஆகார்.

குரௌவெல் இவ்வெழுத்துக்களை அழகு கருதி வரைந்தாரல்லர். அக்காலத்தில் அறிமுகமாகிய எழுத்துக்கோப்புப் பொறிகள் கதோட்டுக் கதிர்க் குழாயின் திரையிலே எழுத்தைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் உருவாக்கின. நூற்றாண்டுகளுக்கு முன் ஈயத்தில் வார்ப்பதற்கென வகுக்கப்பட்ட எழுத்தின் வளைவுகள் அத்திரையிலே படிக்கட்டுப் போலச் சிதைந்தன. அளவு மாறுந்தோறும் உருவமும் மாறியது. பழைய வடிவத்தைப் பொறியின்மீது திணிப்பதைவிடப் பொறிக்கு இயல்பான வடிவத்தையே எழுத்துக்கு வழங்கலாகாதா என்பது அவரெழுப்பிய வினா. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அதனால், இயல்பிலே அகன்ற ‘எம்’ என்னும் எழுத்து, ‘என்’ எழுத்தின் கீழ் ஒரு கோடிட்டுக் காட்டப்பட்டது. கொள்கையில் இத்துணை உறுதி இருந்தமையாலேயே வாசிப்போர் பலர்க்கு அது புதிராயிற்று. அன்றாட அச்சுக்கு உரியதாக அதனை அவரும் முன்வைக்கவில்லை. அது விவாதத்திற்கான ஒரு முன்மொழிவே.

உறையை அமைத்த பிறெற் விக்கென்ஸ், பீற்றர் சவில் ஆகியோரிடத்து நிகழ்ந்த மாற்றம் இவ்விடத்திலேதான் கவனத்துக்குரியது. குரௌவெல் வகுத்த முறைப்படி அத்தலைப்பை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்குமிடத்து ‘சப்ஸ்ரன்ஸ்’ என்னும் சொல் கிடைப்பதில்லை. ஒன்பது எழுத்துக்களுள் ஆறாவதாகிய ‘ஏ’ நிற்கவேண்டிய இடத்தில் ஒன்று என்னும் எண்ணின் வடிவமும், அதனையடுத்து ‘என்’ நிற்கவேண்டிய இடத்தில் ‘எம்’ வடிவமும் நிற்கின்றன. பழகிய கண்ணுக்கு இவ்வுருவங்களே அச்சொல்லை எளிதில் நினைவூட்டும் என்பதனாற்போலும் இவை தெரிந்தெடுக்கப்பட்டன. ஆகவே உறையிலுள்ளது குரௌவெலின் உருவம். ஆனால் அவருடைய நெடுங்கணக்கு அன்று. ஏட்டுச்சுவடியிலே புள்ளியிடப்படாத மெய்யைச் சொல்லின் போக்கறிந்து படித்தவர் போன்றே, இவ்வுறையைக் காண்போரும் எழுத்தைப் படியாது சொல்லை ஊகித்துக்கொள்கின்றனர்.

இதனைத் திரிபு எனக் கண்டிப்பது எளிது. பொறிக்கும் மனிதனுக்கும் இடையிலான வழக்கிலே எழுந்த ஓர் எழுத்து, இருபத்தோராண்டுகளின் பின் வெறும் எதிர்காலச் சாயலாக, அணியாகக் குறுகிவிட்டது என்பது உண்மையே. எனினும் உறை அமைத்தோர் தம்மையறிந்தோ அறியாமலோ அவ்வழக்கிலே ஒரு பக்கம் சார்ந்தனர். 1967இலேயே குரௌவெலின் நாட்டவரான ஜெராட் உங்கர் மறுமொழி வெளியிட்டு, மனிதனின் வாசிப்புப் பழக்கத்துக்கே பொறி இசையவேண்டும் என வாதிட்டார். பின்னர் 1970களில் அத்தகைய பொறிக்கென்றே ‘டெமோஸ்’ என்னும் படிக்கத்தக்க எழுத்தையும் வகுத்தளித்தார். குரௌவெலின் வடிவத்தை எடுத்து உங்கரின் நியாயத்தால் திருத்தியமையே ‘சப்ஸ்ரன்ஸ்’ உறையின் தனித்தன்மை. அதன் கவர்ச்சி முழுவதும் குரௌவெலுக்குரியதெனப் புகழ்வோர் இவ்விரண்டாவது கையைக் காணத் தவறுகின்றனர்.

1997இல் இலண்டனின் ‘த பவுண்டறி’ நிறுவனம் புதிய அரிச்சுவடியைக் கணினி எழுத்தாக வெளியிட்டது. 2011இல் நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகம் அதனைத் தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது. அக்கணினி எழுத்தைக் கொண்டு அத்தலைப்பைச் சரியான எழுத்துக்கூட்டலிலே கோப்பவர்க்கு உறையிலுள்ள உருவம் கிட்டாது. அது வேண்டுமெனில் ‘ஏ’ விசையை விடுத்து ஒன்றையும், ‘என்’ விசையை விடுத்து ‘எம்’மையும் அழுத்தவேண்டும்.