தங்க நாடாவும் மரத்தூணும்

இத்தாலியின் பொலோஞா நகருக்கு மூன்று பட்டப்பெயர்கள்: படித்தவள், கொழுத்தவள், சிவந்தவள். பயணிகளை இழுப்பது நடுவில் உள்ள, சாப்பாட்டுக்கான பட்டம். அதிகம் சந்தேகப்பட வேண்டியதும் அதுவே.

1972இல் அவ்வூர் வணிகச் சபையில் தங்கத்தால் செய்த ஒரு தாலியத்தெல்லே பாஸ்தா நாடாவைப் பத்திரப்படுத்தினார்கள். வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். ஊரிலுள்ள அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று கணக்கு வேறு. 1982இல் ராகூ என்ற இறைச்சிக் குழம்பின் செய்முறையும் அங்கே பதிவானது. 2023இல் அதையே திருத்தினார்கள். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும் குழம்புக்கு எதற்குப் பத்திரப்பதிவு? தங்கள் ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டு உலகமெல்லாம் ஸ்பகெட்டி விற்கிறார்களே என்ற எரிச்சல் என்றால் புரிகிறது. ஆனால் தாலியத்தெல்லேயின் சிறப்பு அகலத்தில் இல்லை. முட்டையும் மாவும் பிசைந்து, மரப்பலகையில் நீண்ட உருட்டுக்கட்டையால் தேய்க்கும்போது மாவுத்தாளில் மெல்லிய சொரசொரப்பு ஏறுகிறது. குழம்பு அதில்தான் பிடித்து நிற்கிறது. வழுவழுப்பான ஸ்பகெட்டியில் வழுக்கிவிடும். தங்க நாடாவில் இல்லாதது அந்தச் சொரசொரப்புதான்.

குவாத்ரிலாத்தெரோ சந்தைச் சந்துகளில் மொர்த்ததெல்லா என்ற பன்றித் தொத்திறைச்சி அடுக்கிய தட்டுகள் பார்க்க அழகு. அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதைவிட, பொட்டலம் கட்டிக்கொண்டு பக்கத்திலுள்ள ஒஸ்தெரியா தெல் சோலேவுக்குப் போவது மேல். 1465இல் தொடங்கும் சரித்திரம் உள்ள அந்தக் கடையில் மது மட்டும் வாங்கலாம்; சாப்பாடு நாம் கொண்டுபோக வேண்டும். சைவர்கள் பாடு திண்டாட்டம்தான். விரல்நுனி அளவு பாஸ்தாவான தொர்த்தெல்லினிக்குள்ளும் பன்றி இறைச்சி. பார்மிஜானோ பாலாடைக்கட்டி உறைவதே கன்றின் இரைப்பை நொதியால்.

‘படித்தவள்’ பட்டத்தில் கலப்படம் இல்லை. பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1088 என்பது மரபு. மாணவர்கள் வந்து குவிய, இடம் போதாத வீட்டுக்காரர்கள் மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே மரத்தூண் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் இதை ஆக்கிரமிப்பு என்று இடித்திருப்பார்கள். இங்கே 1288இல் புதிதாக வீடு கட்டுகிறவர் தாழ்வாரம் விட்டே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். தூண் வீட்டுக்காரருடையது, வழி ஊருடையது. இன்று அந்தத் தாழ்வாரங்களின் நீளம் சுமார் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. சான் லூக்கா கோயில் வரை மலையேறும் 666 வளைவுகளின் கீழே நடந்தால் மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது.

குறைகளும் உண்டு. ஓவியத்துக்காகவே போகிறவருக்கு ஃபிளாரன்ஸ்தான்; இங்குள்ள ரஃபேலின் செசிலியா ஓவியம் ஒன்று அந்தப் பசியை ஆற்றாது. அசினெல்லிக்குப் பக்கத்திலுள்ள காரிசெந்தா கோபுரத்தின் சாய்வு பயமுறுத்தியதால், 2023 அக்டோபரில் அசினெல்லியின் 498 படிகளையும் மூடிவிட்டார்கள்.

ஆக, சாப்பாட்டுத் தலைநகரம் என்ற விளம்பரத்துக்குப் பாதி மதிப்பெண்தான் தருவேன். நகரத்துக்கு முழு மதிப்பெண். மூன்று இரவு ஒதுக்கலாம். அதில் ஒரு காலையை பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான ஆர்க்கிஜின்னாசியோவின் உடற்கூறு அரங்குக்குக் கொடுங்கள். 1944 குண்டுவீச்சில் நொறுங்கிய மரச்சிற்பங்களை இடிபாட்டிலிருந்து பொறுக்கியெடுத்துத் திரும்பவும் பொருத்தியிருக்கிறார்கள். நடுவில் வெள்ளைச் சலவைக்கல் மேசை. சுற்றிலும் படிப்படியாக மாணவர்கள் உட்கார்ந்த மரப்பெஞ்சுகள்.