கன்டெய்னருக்குள் எவ்வளவு?

டெவலப்பரின் கணினியில் போஸ்ட்கிரெஸ் ஒரு பதிப்பு, சர்வரில் வேறொரு பதிப்பு என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2013-இல் கன்டெய்னர் கருவியான டாக்கர் வந்தது; பின்னர் ஃபிக் என்ற கருவியிலிருந்து டாக்கர் கம்போஸ் பிறந்தது. டேட்டாபேஸ், ரெடிஸ், செயலி மூன்றையும் ஒரே யாம்ல் கோப்பில் எழுதி, ஒரே கட்டளையில் எழுப்பிவிடலாம் என்றானது. ஒரு புராஜெக்டுக்கு போஸ்ட்கிரெஸ் 13, இன்னொன்றுக்கு 16. இரண்டும் ஒரே கணினியில் மோதிக்கொள்ளாமல் ஓடுகின்றன. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் குறைத்துச் சொல்லவே முடியாது.

அந்த வசதியைப் பார்த்துவிட்டு, ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும் நம் கோடையும் யோசிக்காமல் கன்டெய்னருக்குள் தள்ளுகிறோம். அதைத்தான் நான் மறுக்கிறேன். கன்டெய்னர் லினக்ஸ் கெர்னலை நம்பியே இயங்குகிறது. மேக்கில் அதற்காகவே ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி பின்னால் ஓடுகிறது. கோடு இருக்கும் ஃபோல்டரை பைண்ட் மவுண்ட் செய்தால், ஒவ்வொரு கோப்பையும் படிக்க அந்த மெய்நிகர் கணினியின் எல்லையைத் தாண்ட வேண்டும். பல்லாயிரம் சிறு கோப்புகள் கொண்ட நோட் மாட்யூல்ஸ் அங்கே திணறுகிறது. விர்ட்டியோஎஃப்எஸ் வந்தபின் வேகம் கூடியது. குறை முழுதாக நீங்கவில்லை. லினக்ஸில் இந்தத் தாமதம் இல்லை. ஆனால் ரூட்டாக ஓடும் கன்டெய்னர் உருவாக்கிய கோப்பை நாம் திருத்தப்போனால் அனுமதி கிடைக்காது. யூசர் ஐடியைப் பொருத்திக் கொடுத்தால் தீரும் சிக்கல்தான்.

'எங்கும் ஒரே சூழல்' என்ற வாக்குறுதியும் தானாக நிறைவேறுவதில்லை. இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று எழுதினால், இன்று இறக்கியதும் அடுத்த மாதம் இறக்குவதும் வேறுவேறாக இருக்கலாம். 2020-இல் ஆப்பிளின் எம்1 வந்ததிலிருந்து மேக்கில் ஆர்ம், சர்வரில் பெரும்பாலும் இன்டெல் வகைச் சிப். 'டிபெண்ட்ஸ் ஆன்' என்று மட்டும் எழுதினால், டேட்டாபேஸ் கன்டெய்னர் கிளம்பிவிட்டதா என்றுதான் கம்போஸ் பார்க்கும். இணைப்பை ஏற்கத் தயாரா என்று பார்க்க ஹெல்த்செக்கும் வேண்டும். போஸ்ட்கிரெஸின் தொடக்க ஸ்கிரிப்ட் டேட்டா ஃபோல்டர் காலியாக இருந்தால் மட்டுமே ஓடும். இதை அறியாதவர்கள் ஸ்கிரிப்டைத் திருத்தித் திருத்தி, மாற்றமே தெரியாமல் மணிக்கணக்கில் தவிக்கிறார்கள். அந்த டேட்டா ஃபோல்டர் இருக்கும் பழைய வால்யூமை நீக்கியிருந்தால் போதும்.

மேக்கில் வேலை செய்யும் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது இது: டேட்டாபேஸும் ரெடிஸும் கன்டெய்னரில், பதிப்பு எண்ணைத் துல்லியமாகக் குறித்து, செயலியின் கோடு நேரடியாகக் கணினியில். லினக்ஸில் எல்லாமே கன்டெய்னரில் இருக்கட்டும். மேக்கில் நிறுவவே வராத நேட்டிவ் லைப்ரரிகளைச் செயலி நம்பியிருந்தால் மட்டும், தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு கோடையும் உள்ளே வைக்கலாம்.