காற்று மெலிந்ததா, அட்டவணை முடிந்ததா?

2017 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 40க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அன்றைய உச்ச வெப்பம் 119 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 48 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். செய்திகள் பலவற்றில் ஒரே விளக்கம்தான்: சூடான காற்று அடர்த்தி குறைந்தது, இறக்கைக்குத் தூக்குவிசை போதாது, ஆகவே பறக்க முடியவில்லை. விமானத்துக்கு ஒரு வெப்பநிலை வரம்பு இருக்குன்னு குறிப்பிட்டவங்ககூட, அதுக்குக் காரணம் மெலிந்த காற்றுதான்னு முடிச்சுட்டாங்க. இந்த விளக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அதில் உள்ள உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கடல் மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. 48 டிகிரியில் அது 288/321 பங்காகக் குறைந்து சுமார் 1.10 கிலோ ஆகும். பத்து சதவீத இழப்பு. தூக்குவிசை அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆக, அதே எடையைத் தூக்க சுமார் 5 சதவீதம் கூடுதல் வேகம் வேணும். எஞ்சினின் உந்துவிசையும் குறைவதால் ஓடுபாதையில் ஓட வேண்டிய தூரம் இன்னும் கூடும். இதுவரை சரி.

ஆனால் இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி நகர்த்திப் பாருங்க. ஃபீனிக்ஸ் விமான நிலையம் சுமார் 345 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தையும் சேர்த்தால் அன்றைய அடர்த்தி ஏறக்குறைய 1.05. டென்வர் விமான நிலையம் 1,650 மீட்டர் உயரம். அங்கே இதமான 15 டிகிரி நாளிலேயே அடர்த்தி 1.00தான்! அதாவது டென்வரின் சாதாரண நாள் காற்று, ஃபீனிக்ஸின் அந்தக் கொடும் வெயில் காற்றைவிட மெலிசு. ரத்தான அதே வகைச் சின்ன ஜெட்டுகள் டென்வரிலிருந்து தினமும் கிளம்புகின்றன.

இன்னொன்று. ஃபீனிக்ஸில் அன்று ரத்தானவை பெரும்பாலும் பொம்பார்டியர் சி.ஆர்.ஜே. விமானங்கள். அவற்றின் வரம்பு 118 டிகிரி ஃபாரன்ஹீட். போயிங், ஏர்பஸ் விமானங்களின் வரம்பு 126 அல்லது அதற்கு மேல். அவை அதே காற்றில், அதே ஓடுபாதையில் ஏறிப் போயின. காற்று ஒண்ணுதான், வேறுபட்டது சான்றளிக்கப்பட்ட வரம்பு. 118 டிகிரிக்கு மேல் அந்தச் சின்ன விமானத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட செயல்திறன் கணக்கு இல்லை. இல்லாத எண்ணை விமானி ஊகித்துப் போட முடியாது, போடவும் கூடாது. 1990 ஜூன் 26 அன்று இதே ஊரில் 122 டிகிரி அடித்தபோதும் இதேதான் நடந்தது: கையிலிருந்த அட்டவணைகள் 120 டிகிரியோடு நின்றுவிட்டன, விமானங்களும் நின்றன.

'ரெண்டும் வெயிலால வந்ததுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம்?' என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. செய்தி சொல்லும் கதையில் வெப்பம் ஒரு சுவர்: 118 வரை பறக்கும், 119ல் பறக்காது. இயற்பியலில் அப்படி ஒரு சுவரே கிடையாது, சரிவுதான் இருக்கு. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் மூணில் ஒரு சதவீதம்போல அடர்த்தி குறைந்துகொண்டே போகும். அதன் விளைவு பெரும்பாலும் ரத்து அல்ல, எடைக் குறைப்பு. சில பயணிகளை இறக்குவார்கள், சரக்கை விட்டுப் போவார்கள், பயணத்தை இரவுக்குத் தள்ளுவார்கள். இதெல்லாம் தலைப்புச் செய்தியாக வராது.

2017ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காஃபல், ஹார்டன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இந்தச் சரிவைத்தான் கணக்கிட்டது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இறுதிக்குள், நாளின் உச்ச வெப்ப நேரத்தில் கிளம்பும் விமானங்களில் 10 முதல் 30 சதவீதம் எடையைக் குறைக்க வேண்டிவரலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. சுவரைத் தேடுகிற கண்ணுக்கு இந்த எண் படாது. ஃபீனிக்ஸை உதாரணம் காட்டுவதில் தப்பில்லை. காட்டுறவங்க பக்கத்துலயே டென்வரையும் வைக்கட்டும்.