மூச்சிரைக்கும் அழகு

ஹைராக்ஸ் பந்தயத்தில் ரசிகன் காத்திருந்து பார்க்க வேண்டியது கடைசிக் கட்டம். எட்டு கிலோமீட்டர் ஓட்டத்தை எட்டாக வெட்டி, ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். பளு ஏற்றிய சறுக்குவண்டியைத் தள்ளுவது, அதையே கயிற்றால் இழுப்பது, விழுந்தெழுந்து தாவுவது, இரு கையிலும் எடை தூக்கி நடப்பது, மணல் மூட்டையோடு முழங்கால் மடக்கி நடப்பது என்று போய், எட்டாவதாகக் குந்தி எழுந்து பந்தைச் சுவர்க்குறிக்கு நூறு முறை எறிய வேண்டும். பழகாத கண்ணுக்கு இதெல்லாம் வெறும் வியர்வை. பழகிய கண் பார்ப்பதோ, எறிதலும் மூச்சும் எந்த இடத்தில் தாளம் சேர்கின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை. வண்டி தள்ளித் தொடை மரத்துப்போனவர் அடுத்த இருநூறு மீட்டரை அவசரப்படாமல் ஓடுகிறாரா என்பதில் அவருடைய தேர்ச்சி முழுக்கத் தெரிந்துவிடும். வேகத்தைவிட அடக்கமே இங்கே கலை.

திருச்சியில் கைலாசபுரம், திருவெறும்பூர் பக்கத்துச் சிறு ஜிம்களைக் காப்பாற்றக்கூடியது இந்தக் கண்தான் என்பேன். பெரிய சங்கிலி நிறுவனத்தோடு மெஷினிலும் ஏசியிலும் போட்டியிட ஒற்றை ஆள் நடத்தும் ஜிம்மால் முடியாது. அதன் சொத்து உள்ளே வரும் மனிதர்கள். அவர்களோ காதில் இயர்போன், எதிரே கண்ணாடி என்று தனித்தனித் தீவாக செட் முடித்துப் போகிறார்கள். புத்தாண்டில் சேர்ந்தவர் நின்றுபோனால் மாஸ்டரைத் தவிர யாரும் கவனிப்பதில்லை. நம் ஊர் ஜிம்களுக்கு வெகுகாலமாக இருந்த ஒரே திருவிழா ஆணழகன் போட்டி. அதற்கும் நுட்பமான ரசிகர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேடையேறுபவர் இரண்டு மூன்று பேர், மற்றவர்கள் கைதட்டுபவர்கள். மேடையில் தெரிவது விளைந்த உடல். அதை விளைவித்த உழைப்பு திரைக்குப் பின்னாலேயே முடிந்துவிடுகிறது. பந்தயமோ உழைப்பையே எல்லோர் கண்முன்னும் வைக்கிறது. நாற்பத்தைந்து வயது ஷிப்ட் தொழிலாளியும் இருபது வயதுக் கல்லூரி மாணவியும் ஒரே வரிசையான வேலைகளைச் செய்கிறார்கள். எடை மாறலாம், திணறும் இடம் மாறுவதில்லை. அந்த இடத்தைத் தானும் கடந்தவருக்குத்தான் அடுத்தவரின் திணறலைப் படிக்கத் தெரியும். அப்படிப் படிக்கத் தெரிந்த பத்துப் பேர் இருக்கும் ஜிம்மை விட்டுப் போவது சுலபமில்லை.

உலக அனுபவம் இதற்கு ஒத்துவருகிறது. கிறிஸ்டியான் டோட்ஸ்கேயும், பீஜிங், லண்டன் ஒலிம்பிக்குகளில் ஹாக்கித் தங்கம் வென்ற மோரிட்ஸ் ஃபுர்ஸ்டேயும் தொடங்கிய ஹைராக்ஸின் முதல் பந்தயம் 2018இல் ஹாம்பர்க்கில் நடந்தபோது ஓடியவர்கள் சில நூறு பேர். இன்று ஒரு பருவத்துக்குப் பல லட்சம் பேர். 2025இல் மும்பைக்கும் தில்லிக்கும் வந்துவிட்டது. சொந்தமாக ஜிம்களைக் கட்டி அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஜிம்களை இணைத்துக்கொண்டார்கள்; அந்த ஜிம்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நோக்கமும் நாள்காட்டியில் ஒரு தேதியும் கிடைத்தன. இதே வழியில் முன்பே நடந்தது கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி அமைப்பு. அதன் முதல் போட்டி 2007இல் கலிபோர்னியாவின் அரோமஸில் ஒரு பண்ணையில் நடந்தது.

பளு சுமந்து நடப்பதை ரசிப்பது திருச்சிக்குப் புதிதா என்ன? ஸ்ரீரங்கத்தில் தோளுக்கினியான் பல்லக்கில் நம்பெருமாள் எழுந்தருளும்போது ஊர் கூடிப் பார்ப்பதில், அதைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் கால்களும் அடக்கம். சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நடைக்கு நடை பெயர் வைத்திருக்கிற ஊர் அது. பக்தியைப் பந்தயத்தோடு நிறுத்துப் பார்க்கவில்லை. தோளில் பாரமிருக்கும்போது அடி பிசகாமல் போவதில் அழகு உண்டென்று இந்த மண்ணுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதையும் ஊர் அப்படித்தான் பார்க்கிறது.

நம் ஜிம்களே இப்படி ஒரு பந்தயம் நடத்தலாமே என்றால், செலவு என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான், துடுப்பு மெஷினும் சறுக்குவண்டியும் சிறு ஜிம்முக்குக் கட்டுப்படியாகாது, வெளிநாட்டுப் பெயருக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்டுவதும் வீண். ஆனால் பிரிட்டனில் தொடங்கிய டெட்லி டஜன், தடகள ஓடுதளத்தில் டம்பெல், கெட்டில்பெல், பிளேட் கொண்டே நடக்கிறது. ஓடுதளம் அண்ணா விளையாட்டரங்கில் இருக்கிறது. மணல் மூட்டைக்கு யாரும் ஜெர்மனி போக வேண்டாம். நாலு ஜிம்கள் சேர்ந்து விதியை எழுதிக்கொண்டால் போதும். விதி மட்டும் வருடா வருடம் மாறக்கூடாது. மாறினால் போன வருட நேரத்தோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

காயம் பற்றிய அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. பழகாத உடலை வெயிலில் ஒரேயடியாக வதைத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். சித்திரையில் தகரக் கூரையின் கீழ் பந்தயம் வைப்பவர் மாஸ்டரே அல்ல. மார்கழி, தை என்று காலம் பார்த்து, முதல் வருடம் நால்வர் ரிலேயாக வைக்கலாம். ஹைராக்ஸிலும் அந்தப் பிரிவு உண்டு. ஆளுக்கு இரண்டு கிலோமீட்டர், இரண்டு வேலை. ரிலே திருச்சிக்கு அந்நியமுமல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்பு ரிலேயில் ஓடிய இந்திய நால்வரில் ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன் இருவரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். நால்வர் அணியில் மெதுவானவரை எந்த வேலைக்கு நிறுத்துவது என்று பேசத் தொடங்கினாலே, இயர்போனைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.