மரணப் படுக்கையில் கேட்பவர் யார்?

மிட்ச் ஆல்பம் 1997இல் வெளியிட்ட ‘டியூஸ்டேஸ் வித் மோரி’யை அண்மையில் மீண்டும் வாசித்தோம். பிராண்டைஸ் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் மோரி ஷ்வார்ட்ஸ், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயால் 1995இல் மறைந்தவர். பதினாறு ஆண்டுகள் எட்டிப் பாராத மாணவர் செவ்வாய்தோறும் சென்று வினவுகிறார்; ஒலிப்பதிவுக் கருவி ஓட, ஆசான் அன்பு, முதுமை, மன்னிப்பு எனத் தலைப்புவாரியாக விடை பகர்கிறார். தம் உடலைத் துடைக்கப் பிறர் கையை அவர் நாணமின்றி ஏற்ற பக்கங்கள் நம்மை உலுக்கின. ஆயினும் ஓர் உறுத்தல். மோரியும் கேட்கிறார்தான், அவை மாணவரைத் திருத்தும் கேள்விகள். தமக்குத் தெரியாததை அவர் கேட்பதாக நூல் காட்டவில்லை.

யாகூத் அல்ஹமவீயின் ‘முஃஜமுல் உதபா’வில் அல்பீரூனீயின் இறுதி வேளை வருகிறது. மூச்சுத் திணறும் நிலையில், காண வந்த ஃபகீஹிடம் தாய்வழிப் பாட்டிமார் பற்றிய வாரிசுரிமைக் கணக்கொன்றைக் கேட்கிறார். இந்நிலையிலா என அவர் இரங்க, அறியாமல் போவதினும் அறிந்து போவது மேலன்றோ என்கிறார் பீரூனீ. விளக்கத்தை மனனமும் செய்துகொள்கிறார். ஃபகீஹ் வழியில் செல்லும்போதே அழுகுரல் எழுகிறது.

நமக்கு ஃபராயிள் கற்பித்த உஸ்தாதின் கடைசி நாள்களில் நாமும் நஸீஹத் நாடியே சென்றோம். அவரோ, இவ்வாண்டு எந்தக் கிதாபு நடத்துகிறோம், அதில் எவ்விடம் விளங்கவில்லை என்று வினவினார். யாவும் விளங்குகிறது என்று கூறிவிட்டுத் திரும்பினோம்.