முகமில்லாத கை

கறுத்துப்போன அடுப்பின்மேல் உறை போட்ட ஒரு கை நுரையைத் தடவுகிறது. இரண்டு இழுப்பு. அடுப்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. முகம் தெரிவதில்லை. ஓரத்தில் ஒரு கணம் வேறொரு கை, உறையில்லாத கை, வாளியை எடுத்துப்போகிறது. அடுத்த வெட்டில் அதுவும் காணோம். வீடு துடைப்பது, அலமாரி அடுக்குவது, பருப்பை ஒரே அளவு டப்பாக்களில் கொட்டிப் பேர் ஒட்டுவது என்று யூடியூபில் கொட்டிக்கிடக்கும் இந்த வீடியோக்களை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள்?

மனசு அமைதியாகிறது, வாழ்க்கை நம் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார்கள் உளவியல் பேசுகிறவர்கள். இருக்கலாம். ஜப்பானின் மரி கோண்டோ 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் துணி மடிக்கச் சொல்லிக்கொடுத்ததை உலகமே பார்த்தது. பின்லாந்தின் ஔரி கதரீனா குப்பை மண்டிய வீடுகளைக் காசு வாங்காமல் கழுவிக்கொடுக்கிறார். அவர் கழுவுவதால் அவர்மேல் ஒரு சாதிப் பெயர் ஒட்டிக்கொள்வதில்லை. இங்கே அப்படியா? விரும்பிக் கழுவினால் அது குணம், பிறப்பால் கழுவினால் அது இழிவு என்று பிரித்துவைத்த சமூகம் இது. கழுவுகிற சுகம் வேண்டும், கழுவுகிறவராக ஆகிவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரக் கொடுக்கிற சாதனமாகத்தான் இந்த வீடியோ இங்கே விலைபோகிறது.

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படமும் யூடியூபில் வந்ததுதான். அதுவும் சுத்தம் செய்வதைப் பற்றிய படம்தான். அதிலேயும் கைகள் உண்டு. கூடவே நாற்றம் உண்டு, முகம் உண்டு, செத்தவர்களின் வீட்டு அழுகை உண்டு. மனசு அமைதியாவதற்காக அதை யாரும் பார்ப்பதில்லை. கையால் மலமள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்தது. பிறகும் சாக்கடையில் சாகிறார்கள். 2023இல் உச்சநீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தவேண்டி வந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. குப்பைக்குச் சொல்லும் அதே சொல்லைத்தான் இங்கேயும் போடவேண்டியிருக்கிறது.

இந்தச் சுத்தப் பைத்தியத்துக்கு வயசு அதிகம். 1927இல் மகாடில் அம்பேத்கரோடு போய் நம் மக்கள் குளத்துத் தண்ணீரைக் குடித்த பிறகு, சாணமும் மூத்திரமும் பாலும் தயிருமாக 108 குடம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்களே, அதுவும் முன்னே பின்னே காட்டுகிற காட்சிதான்.

எங்கள் வடக்குப்பட்டுக்கு வருவோம். பக்கத்தில் ஒரகடம் கம்பெனிகள். உள்ளே சுவரில் 'ஐந்து எஸ்' எழுதியிருக்கும்: வேண்டாததைப் பிரி, வேண்டியதை அடுக்கு, துடை, அதையே முறையாக்கு, மீறாதே. ஜப்பான் தொழிற்சாலைகளில் பிறந்த ஒழுங்கு. வீடியோவில் சமையலறை அடுக்குவதும் அச்சு அசல் இதுவே. கம்பெனி வீட்டுக்குள் வந்துவிட்டது. பெண்ணே சூப்பர்வைசர், பெண்ணே கூலி. காண்ட்ராக்டில் 'ஹவுஸ்கீப்பிங்' போகும் எங்கள் தெருத் தங்கச்சி ஒன்று, வேலை விட்டு வந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதைத்தான் பார்க்கிறது. நாள் பூரா துடைச்சுட்டு வந்து இதயும் பாக்கணுமா என்று கேட்டேன்.

"அதுல வேல முடியுதுண்ணா. எங்களுக்கு எங்க முடியுது? மாப் போட்டு நிமிர்றதுக்குள்ள அடுத்த ஷிப்டு ஷூவோட வந்துரும்."

இதைப் போலிப் பிரக்ஞை என்று ஒதுக்கிவிட நம் கோட்பாட்டுத் தோழர்கள் தயாராக இருப்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தன் உழைப்புக்கு ஒரு முடிவைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறது அந்தப் பெண். அந்த ஆசையை டப்பா விற்கிறவன் பிடித்துக்கொண்டான், சங்கம் பிடிக்கவில்லை. டப்பா வாங்கவில்லையா என்றதற்கு, "அடுக்கி வெக்க செவுரு வேணுமே" என்று சிரித்தது. தொகுப்பு வீட்டில் ஒரே அறை. இப்போது வரும் கலைஞர் கனவு இல்லத்துக்கும் அரசு வைத்த அளவு 360 சதுர அடி.

(2022இல் தொல்லியல் துறை எங்கள் ஊரில் தோண்டிக் கற்கருவிகளும் ரோமானியச் சாடியின் உடைசல்களும் எடுத்தது. எவரோ வீசிய ஓட்டைத் துடைத்துப் பத்திரப்படுத்தினார்கள். பழசானால் குப்பைக்குக்கூட மரியாதை வந்துவிடுகிறது.)

வெளுப்பதைப் பற்றி நம்மிடம் ஒரு முக்கியமான எழுத்து இருக்கிறது: இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. நம் அழுக்கை யார் வெளுத்தார்கள் என்ற கேள்வியை நம் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டதால் அன்று சர்ச்சையும் எழுந்தது. அதில் வரும் ஆரோக்கியத்தின் வேலை ஒரு நிமிஷத்தில் மின்னி முடிவதில்லை. வெளுத்த பிறகு கூலிக்காக வாசல் வாசலாக நிற்கவும் வேண்டும். வீடியோ வெட்டித் தள்ளுவது இந்த நிற்றலைத்தான். அந்தத் தங்கச்சிக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். பாதி படித்துவிட்டுச் சொன்னது: "வேல செஞ்சிட்டு கேட்டு கேட்டு நிக்குதே அந்தம்மா, மாசக் கடைசியில காண்ட்ராக்டர் ரூம் வாசல்ல நாங்க நிக்கற மாதிரியே இருக்குதுண்ணா."