கல்லும் காப்பியமும்: குணபரவீச்சர வரலாற்றுக்குக் கல்வெட்டு சான்றாகுமா?

ஆய்வுச் சுருக்கம்

பல்லவ மன்னன் ஒருவன் சமணம் துறந்து, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராணச் செய்தி. முதலாம் மகேந்திரவர்மனின் திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டு இதனை மெய்ப்பிக்கிறது என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. அச்சான்றின் வலிமையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: அப்பர், குணபரன், சேக்கிழார், திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர், விபக்கம்

முன்னுரை

சமய நூல் ஒன்றில் கூறப்பட்டதை மண்ணிலும் கல்லிலும் தேடிக் கண்டு, நூல் மெய்யாயிற்று என்று முடிவு செய்யும் போக்கு எல்லாச் சமயங்களிலும் உண்டு. செருமனி நாட்டுத் துறவி அன்னா கத்தரீனா எம்மெரிக் (1774–1824) தம் காட்சிகளில் மரியன்னை எபேசு நகருக்கு அருகில் வாழ்ந்த வீட்டைக் கண்டதாகக் கூறினார். அவர் கூறியவற்றைக் கவிஞர் கிளெமன்ஸ் பிரென்டானோ எழுதிவைத்தார்; மரியன்னை வரலாறு 1852இல் நூலாயிற்று. அந்நூலின் வருணனையைத் துணைகொண்டு 1881இல் கூயே என்னும் பிரெஞ்சுக் குருவும், 1891இல் லாசரிஸ்ட் சபைக் குருக்களும் எபேசு மலையில் ஓர் இடிந்த கட்டடத்தைக் கண்டனர். எம்மெரிக் எபேசுக்குச் சென்றவர் அல்லர் என்பதே காட்சியின் உண்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஆனால் எழுதியவர் கற்றறிந்த கவிஞர். துறவியின் சொல் எது, கவிஞரின் சேர்க்கை எது என்று பிரித்தறிய இயலாது. மேலும், நூலைக் கையில் கொண்டு தேடியவர்கள் நூலுக்குப் பொருந்துவதையே கண்டனர். 2004இல் எம்மெரிக்குக்கு அருளாளர் பட்டம் அளித்தபோது கத்தோலிக்கத் திருச்சபை பிரென்டானோவின் எழுத்துகளை அதற்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை.

பிற நாட்டு நிகழ்வில் எளிதில் புலப்படும் இக்குறை, நமக்கு நெருங்கிய ஒன்றில் புலப்படுவதில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தோடு பிணைந்த அப்பர் வரலாறு அத்தகையது.

நூலின் காலமும் களமும்

திருவாமூரில் தோன்றிய மருள்நீக்கியார் பாடலிபுத்திரத்தில் தருமசேனராகச் சமணத்தில் சிறந்திருந்து, சூலை நோயுற்றுத் திருவதிகையில் சைவம் மீண்டதும், அரசனால் ஒறுக்கப்பட்டுக் கல்லோடு கடலில் இடப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதும் பெரியபுராணம் விரித்துரைப்பன. அரசன் மனம் மாறிக் குணபரவீச்சரம் எடுத்தது இவ்வரலாற்றின் தொடர்ச்சி. களம் கடலூர்ப் பகுதி. நூல் அரங்கேறியதாக மரபு கூறும் இடம் தில்லை. இடையிலுள்ள காலமோ ஏறத்தாழ 500 ஆண்டுகள். மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினன். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். சோழ மன்னன் சமணக் காப்பியமான சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததை மாற்றவே இந்நூல் எழுந்தது எனச் சேக்கிழார் புராணம் கூறும். சமணர் தோல்வியைப் பாடும் பகுதியை இந்நோக்கத்திலிருந்து பிரித்துப் படித்தல் முறையன்று.

அப்பர் வாக்கு

அப்பரின் பதிகங்களே முதன்மைச் சான்று. அவர் சமணத்தில் இருந்ததும் அதற்கு இரங்கியதும் பதிகங்களில் தெளிவாக உள்ளன, இதில் ஐயமில்லை. கல்லோடு கடலில் இடப்பட்ட செய்தியோ இருவகையாக வருகிறது. நமச்சிவாயப் பதிகத்தில் அது ‘செயினும்’ என்னும் வாய்பாட்டில் அமைந்துள்ளது. நிகழ்ந்ததாக அன்றி, நிகழ்ந்தாலும் என்னும் பொருளே அங்கு நேரே பெறப்படும். திருநீலக்குடிப் பதிகம் நிகழ்ந்ததாகவே கூறுகிறது. ஆனால் அப்பாடலில் நீரில் தள்ளியோர் சமணர், அரசன் சுட்டப்படவில்லை. ஒறுத்த மன்னன், அவன் மனமாற்றம், அவன் எடுத்த கோயில் என்னும் தொடரைப் பெரியபுராணமே முழுமைப்படுத்துகிறது.

திருச்சிராப்பள்ளிச் சுலோகம்

திருச்சிராப்பள்ளி மலைக்குடைவரையின் வடமொழிக் கல்வெட்டை ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். குணபரன் என்னும் அரசன் இலிங்கி ஆக இருக்க, ‘விபக்ஷ விருத்தி’யினின்று மீண்ட ஞானம் இவ்விலிங்கத்தால் உலகில் நெடிது பரவுக என்பது அதன் கருத்து. விபக்ஷ விருத்தி என்பதற்குச் சமண ஒழுக்கம் என்று பொருள் கண்டு, மதமாற்றத்துக்கு அரசனே தந்த வாக்குமூலமாக இதைக் கொண்டனர். நீலகண்ட சாஸ்திரி உள்ளிட்ட வரலாற்றறிஞர்களும் மதமாற்றத்தை ஏற்றனர்.

ஆயினும் இச்சுலோகம் அளவைநூற் கலைச்சொற்களால் அமைந்த இரட்டுற மொழிதல் என்பதை ஹுல்ட்ஷே குறித்துள்ளார். இலிங்கம் என்பது ஏதுவையும், விபக்கம் என்பது துணிபொருள் இல்லாத இடத்தையும் குறிக்கும். பக்கத்தில் உண்மை, சபக்கத்தில் உண்மை, விபக்கத்தில் இன்மை என்னும் மூன்றும் நல்ல ஏதுவின் இயல்பு என்பது மணிமேகலை பயின்றோர் அறிந்ததே. விபக்கத்தினின்று நீங்குதல் என்பது அளவைநூல் வழக்கிலேயே இயல்பாக அமையும் தொடர். இதனால் மதமாற்றப் பொருள் அறவே இல்லை என்று ஆகாது. சிலேடையின் மறுபொருளாக அது இருக்கலாம். ஆனால் எச்சமயத்திலிருந்து, யாரால், எங்கே என்னும் மூன்றுக்கும் கல்வெட்டில் விடையில்லை. சமணம், அப்பர், திருவதிகை என்னும் விடைகள் பெரியபுராணத்திலிருந்து பெறப்பட்டவை. புராணத்தால் பொருள் பெற்ற கல்வெட்டு, பின்னர் அப்புராணத்துக்கே சான்றாயிற்று. இது சுழற் சான்று.

சித்தன்னவாசலும் பாடலியும்

இச்சுழற்சியால் நேர்ந்த பிழைக்குச் சித்தன்னவாசல் நல்ல எடுத்துக்காட்டு. மகேந்திரன் முன்பு சமணன் என்னும் கருத்தின்மேல், அங்குள்ள சமணக் குடைவரையும் ஓவியமும் அவன் பணி என ழுவோ துப்ரேய் முதலியோர் கருதினர். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் அவனிபசேகர ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததை அவ்விடத்துக் கல்வெட்டு தெரிவித்தபின், ஓவியங்கள் பாண்டியர் காலத்தன என்னும் கருத்து வலுப்பெற்றது. மகேந்திரனின் சமண வாழ்வுக்குக் காட்டப்பட்ட ஒரு தூண் இவ்வாறு சரிந்தது.

கடலூர்ச் சமணத்துக்கு இதனினும் மேலான சான்று உண்டு. சர்வநந்தியின் பிராகிருத நூல் காஞ்சிச் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டாகிய சக ஆண்டு 380இல் (பொ.ஆ. 458) பாணராட்டிரத்துப் பாடலிகையில் எழுதப்பட்டதாக, அதன் வடமொழி வடிவமான லோகவிபாகம் கூறுகிறது. பாடலிகை திருப்பாதிரிப்புலியூர் என்பது பொருத்தமான ஊகம். எனினும் இதிலும் புராணத்தின் பாடலிபுத்திரம் துணை செய்கிறது. பாணராட்டிரம் என்னும் நாட்டுப்பெயர் விளக்கம் வேண்டி நிற்கிறது. ஊகத்தை ஏற்றாலும், பள்ளி இருந்தது என்பதற்கே இது சான்று. இடிக்கப்பட்டது என்பதற்கு அன்று.

பெயர் ஒற்றுமை

எதிர்வாதத்தின் வலுவான பகுதி பெயர் ஒற்றுமை. கல்வெட்டில் குணபரன், புராணத்தில் குணபரவீச்சரம். இதைத் தற்செயல் என ஒதுக்குதல் நேர்மையாகாது. ஆனால் இது நிறுவுவது, இவ்விருதுப்பெயர் தாங்கிய கோயில் ஒன்று திருவதிகையில் இருந்ததைச் சேக்கிழார் அறிந்திருந்தார் என்பதையே. அக்கோயில் ஏன் எடுக்கப்பட்டது என்பதற்கான விடை மரபுவழிப்பட்டது. கோயிற்பெயரை விளக்க வரலாறு வளர்வது தலபுராணங்களில் நாம் நன்கறிந்த நெறி. மரபு உண்மையை ஏந்தியிருக்கலாம். பெயர் மட்டும் அதை உறுதி செய்யாது.

முடிவுரை

அப்பரின் சமண வாழ்வும் மீட்சியும் அவர் வாக்கால் உறுதி. மகேந்திரனின் சிவப்பற்று கல்வெட்டால் உறுதி. இவ்விரண்டையும் இணைக்கும் மதமாற்றம் நிகழ்ந்திருக்கக்கூடியது. பள்ளி இடிப்பு புராணச் செய்தி. ‘கல்வெட்டு மெய்ப்பிக்கிறது’ என்று பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் எழுதுமிடத்து, ‘கல்வெட்டு முரண்படவில்லை’ என்று எழுதுவதே தகும். இது சொல்லளவிலான திருத்தம் அன்று. மெய்ப்பிக்கப்பட்டது என்றால் இடிப்பும் தொல்லியல் உண்மையாகிவிடும். மேல்சித்தாமூர் மடத்தோடு இன்றும் வாழும் தமிழ்ச் சமணரின் வரலாறு தோற்றவர் கதையாகச் சுருங்கிவிடும். கடலூர்ப் பகுதியின் சமண எச்சங்கள் பெரியபுராணத்துக்கு உரையாக அல்லாமல், தம் காலமும் சூழலும் கொண்டே ஆராயப்பட வேண்டும். பெரியபுராணத்தின் பக்திச் சிறப்புக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. அது கல்வெட்டின் துணையை வேண்டி எழுந்த நூலன்று.